அடிப்பக்கம் பாருங்க சார்

கார் பழுதுபார்க்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் மேஸ்திரி என்னைக் குழிக்குள் இறங்கச் சொன்னார். அது ஒரு காலத்தில் தறிக்குழி. கொட்டகை இருக்கும் வீட்டுப் பெரியவர் கால் தொங்கவிட்டு மிதி மிதித்துப் பட்டு நெய்த இடம். அவர் காலத்துக்குப் பிறகு தறியைப் பிரித்துவிட்டு, குழியை நீளமாக வெட்டி, செங்கல் கட்டி, இரண்டு பக்கமும் இரும்பு சேனல் போட்டுவிட்டார்கள். சேனல் மேல் நின்றது 1969ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மார்க் 3, நாலு கதவு. வெளிர்நீலப் பெயின்ட் மங்கி, கூரையில் சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தது.

நான் அந்தப் பெயின்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேல என்ன சார் இருக்குது? அடிப்பக்கம் பாருங்க" என்றார் மேஸ்திரி.

நான் போனது என் வண்டிக்காக. என்னுடையதும் ஹெரால்டுதான். ஆறு மாதத்துக்கு முன் நகரத்தில் ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டு எடுத்தேன். பத்தாவது நாள், ஒரு முனையில் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் மடங்கி உள்ளே படுத்துவிட்டது. நல்ல வேளையாக வேகம் இல்லை. பின்சீட்டில் என் அம்மா இருந்தார். சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு அடிமரையில் முறிந்திருந்தது. முறிந்த துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நாலைந்து இடம் அலைந்தேன். "புது பார்ட் கிடைக்காது, வண்டியைக் கொடுத்துடுங்க" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். சென்னை ஜி.பி. ரோட்டில் ஸ்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர்தான், "வாலாஜாபாத் பக்கம் ஐயம்பேட்டையில ஒருத்தர் இருக்கார், போய்ப் பாருங்க" என்று வழி சொன்னார்.

மேஸ்திரி துண்டைக் கையில் வாங்கினார். மரையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து முகர்ந்தார்.

"கிரீஸ் அடிச்சிருக்காங்க."

ஹெரால்டின் முன்சக்கரத் தண்டு அடியில் ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரையாகத் திருகி நிற்கிறது. அதற்கு ட்ரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் தண்டு அந்த மரையில்தான் சுழல வேண்டும். அதற்குக் கொடுக்க வேண்டியது கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெய், தொண்ணூறாம் நம்பர். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. இறங்கினாலும் நாளடைவில் காய்ந்து கட்டியாகிவிடும். தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடித்துப் பித்தளையோடு இறுகிக்கொள்ளும். திருப்பத் திருப்பத் தண்டு முறுக்கு வாங்கி ஒருநாள் முறியும். கிரீஸ் நிப்பிள் போலவே ஒரு வாய் அங்கே இருப்பதால், பார்க்கிறவன் கை தானாகக் கிரீஸ் கன்னைத்தான் தேடும். "அவன் கெட்டவன் இல்ல சார். அவனுக்கு யாரும் சொல்லித் தரல" என்றார். ஆறு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கோபம் எனக்கு அந்த வார்த்தையில் பாதி தணிந்தது.

இந்த வண்டி பிறந்த இடம் இங்கிருந்து தூரமில்லை. ஐயம்பேட்டையிலிருந்து வாலாஜாபாத் போய், ஒரகடம் வழியாக வண்டலூர் சாலையைப் பிடித்தால் சுமார் 50 கிலோமீட்டர். வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை இருந்தது. 1959இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாக வெளிவந்த வண்டி, 1961இல் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வடிவம் கொடுத்தவர் ஜியோவான்னி மிக்கேலாட்டி என்ற இத்தாலியர். எஞ்சின் 948 சிசி. இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவோடு இருந்த காருக்கு நாலு கதவு வைத்தது நம் ஊர்த் தொழிற்சாலைதான். குடும்பத்தோடு போகிற நாட்டில் முன்சீட்டை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்ற முடியுமா? 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்றது. பிறகு கேஸல் வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 வந்து மூன்று நான்கு வருடத்துக்குள் எல்லாமே முடிந்துபோயிற்று. கல்கத்தாப் பக்கம் உத்தர்பாராவில் செய்த அம்பாசடரும், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட்டும் ஊரெல்லாம் நினைவில் நிற்கின்றன. நம் வாசலில் செய்த காரை நாம் மறந்துவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இப்போது அதே சாலையில் ஒரகடத்தில் பெரிய கார் தொழிற்சாலை. மேஸ்திரியின் தங்கை மகன் அங்கேதான் வேலை செய்கிறான். விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் மாமாவின் கொட்டகைக்கு வந்துவிடுகிறான். நான் போன அன்றும் இருந்தான். "ஆறு நாள் அங்க ஒரே ஒரு நட்டு சார். இங்க வந்தா முழு வண்டி" என்றான்.

குழிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தேன். ஹெரால்டின் அமைப்பு மற்ற பல கார்களைப் போல இல்லை. தனியாக ஒரு சேஸி. அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். அதனால் துருப்பிடித்த பகுதியை மட்டும் கழற்றி வேலை செய்யலாம். அதே காரணத்தால் ஒரு இடம் தாழ்ந்தால் கதவு மூடாது, வரிசை கலையும். சேஸியிலிருந்து இரு பக்கமும் கை நீட்டின மாதிரி வரும் இரும்புகள்தான் முதலில் அரிக்கும். இந்த வண்டியில் வலப்பக்கம் இரண்டு கைகள் அரித்துப் போயிருந்தன.

தகடு வேலை செய்யும் டிங்கர் அதை வெட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். துரு தெரிகிற இடத்தோடு அவர் நிறுத்தவில்லை. சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். "டப் டப்" என்று செத்த ஒலி வந்தவரைக்கும் சாக்பீஸ் கோடு. "டிங்" என்று உயிரோடு ஒலித்த இடத்திலிருந்து இன்னும் ஒரு விரற்கடை தள்ளி வெட்டு. பழைய தகட்டின் கனத்துக்கே புதுத் தகடு. ஓரத்தை மட்டுமே தொட்டுத் தொட்டு வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, எதிர்ப்பக்கம் போய் இன்னொரு புள்ளி வைத்தார். ஒரேயடியாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்து, மேலே கதவு இடிக்கும். ஒரு சாண் நீளத்தை முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முடித்ததும் தேய்த்துச் சமப்படுத்தி, துருத் தடுப்புப் பூச்சு அடித்தார். பட்டி தொடவே இல்லை.

பட்டியைப் பற்றி மேஸ்திரிக்குத் தீர்மானமான கருத்து இருக்கிறது. ஓட்டையில் துணியையும் பட்டியையும் அடைத்து, மேலே கண்ணாடி மாதிரி பெயின்ட் அடித்து, கண்காட்சியில் நிறுத்தி, அடுத்த மழைக்கு உள்ளிருந்து கொப்புளிக்கும் வண்டிகளை அவர் நிறையத் திறந்து பார்த்திருக்கிறார். எனக்கும் அதே கருத்துதான். பழைய காரைப் பாதுகாப்பது என்றால் அதை ஓடவைப்பது. பளபளப்பு அதற்குப் பிறகு வரட்டும், வராமலே போகட்டும்.

பின்கட்டில் ஒரு பெண்மணி பாயில் உட்கார்ந்து மடியில் வயர்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். மேஸ்திரி அவரை அக்கா என்றே கூப்பிட்டார். முப்பது வருடம் பட்டு நெய்தவர், முழங்கால் வலியால் தறியில் உட்கார முடியாமல் போனவர். அந்தக் காலக் கார்கள் சிலவற்றில் வயருக்கு மேல் பருத்தி நூல் பின்னல் இருக்கும். அது மக்கி உதிர்ந்துவிட்டால் எது எங்கே போகிறதென்றே தெரியாது, உரசினால் தீப்பிடிக்கும். புது வயர்க்கட்டை அக்காதான் கட்டுகிறார். லூகாஸ் வண்டிகளுக்கு நிற ஒழுங்கு உண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து எப்போதும் உயிரோடு வருவது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. அதுவே ஃபியூஸ் தாண்டினால் பச்சை. சிவப்பு ஓர விளக்குக்கு, நீலம் ஹெட்லைட்டுக்கு, கறுப்பு எர்த். நீலத்தில் வெள்ளைக் கோடு போனால் தூர வெளிச்சம், சிவப்புக் கோடு போனால் கிட்ட வெளிச்சம். மேஸ்திரி ஒரே ஒரு தடவைதான் சொன்னாராம்.

"இது என்னங்க கஷ்டம்? உடம்பு ஒரு கலர், பார்டர் ஒரு கலர், முந்தி ஒரு கலர். அது மாதிரிதானே" என்றார் அக்கா.

காஞ்சிப் பட்டில் உடம்பின் பாவு (நெடுக்கு இழை) நிறமும் முந்தியின் பாவு நிறமும் வேறாக இருந்தால், ஒரு பாவை அறுத்துவிட்டு அடுத்த பாவை இழைக்கு இழை முறுக்கிச் சேர்ப்பார்கள். பேட்னி என்று பெயர். ஒரு இழை தவறினாலும் முந்தியில் தெரிந்துவிடும். அந்த விரல்களுக்கு இருபது முப்பது வயர் ஒன்றுமே இல்லை. பழைய வயரின் வாயை ஒரு அங்குலம் சீவினார். புது வயரின் செம்பு இழைகளை விசிறி மாதிரி விரித்து, இரண்டையும் எதிரெதிராகக் கோத்து, இடது கட்டைவிரலால் ஒரே உருட்டு. பிறகு ஈயப்பற்று, பிறகு நூல் சுற்று. சேர்ந்த இடத்தை இழுத்துப் பார்த்தேன். வளைந்தது, விடவில்லை. எந்த இடத்தில் சேர்த்தார் என்று இரண்டு தடவை தடவிய பிறகுதான் தெரிந்தது.

"சேலைய வாங்குறவங்க மேல பாப்பாங்க. எடுக்குற முதலாளி புரட்டிப் போட்டுதான் பாப்பாரு. அண்ணாவும் அப்படித்தான்" என்று மேஸ்திரியைக் காட்டினார்.

எஞ்சினில் நடந்திருக்கும் வேலை கண்ணுக்குத் தெரியாதது. 2000ஆம் ஆண்டில் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. காற்றுக்கும் குழந்தைகளுக்கும் அது பெரிய நன்மை. ஆனால் அந்த ஈயம்தான் பழைய வார்ப்பிரும்புத் தலைகளில் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தை மாதிரி இருந்தது. அது போனதும் வால்வு கொஞ்சம் கொஞ்சமாக இருக்கைக்குள் புதைந்தது. டேப்பட் இடைவெளியைப் பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து) வைத்து மூடினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் இடைவெளி தானாகக் குறைந்திருக்கும். மேஸ்திரி எந்தப் புத்தகமும் படிக்காமல், தன் ஃபீலர் கேஜ் தகடு நுழையாததை வைத்தே இதைக் கண்டுபிடித்தவர். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு லேத்தில் தலையைக் கடைந்து கெட்டி எஃகு வளையம் இறக்கினார். இப்போதைய தலைவலி இருபது சதவீத எத்தனால். பழைய ரப்பர் குழாய் ஊதி வெடிக்கிறது, பம்ப் டயஃப்ரம் விறைக்கிறது, டேங்கில் ஈரம் சேர்கிறது, அடியில் படிந்திருந்த கசடு கரைந்து வந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கிறது. குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிட்டார். நெடுநாள் நிறுத்தினால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் கட்டளை.

அலமாரியில் எண்ணெய் ஊறிய அட்டைப் பெட்டிகள். செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ், பாடி லூகாஸ் டிவிஎஸ், பாடி பிரேக்ஸ் இந்தியா. சென்னையின் வடமேற்கு மூலையில் இருந்த தொழிற்சாலைகள் அந்தக் காலத்தில் நாடு முழுவதும் ஓடிய கார்களுக்கு உறுப்புகள் செய்து அனுப்பின. பிரிக்காத ஒரு பிஸ்டன் பெட்டியை மேஸ்திரி என் கையில் வைத்துவிட்டு உடனே திரும்ப வாங்கிக்கொண்டார்.

நீல வண்டியின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், நெசவுக் குடும்பம். அவர் அப்பா பழைய வண்டியாக வாங்கியது. கல்யாணச் சேலை எடுக்க வருகிறவர்களை ரயிலடியிலிருந்து அழைத்துவர ஓடிய வண்டி. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு விஏ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் வாங்கலாம். அதற்கு இந்த வண்டிக்குத் தகுதி உண்டு. அவர் வாங்கவில்லை. அந்த எண் வாங்கினால் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்ற சில காரணங்களுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். தினசரி ஓட்டக்கூடாது. "மாட்டுப் பொங்கலன்னிக்கு காஞ்சி வரதர் பழையசீவரம் போறப்ப இந்த வழியாத்தானே வர்றாரு. அப்பாவ இதுலதான் கூட்டிட்டுப் போய் சேவிப்பேன். அதுக்கு யார்கிட்ட அனுமதி கேக்குறது?" என்றார். 2022 ஏப்ரலில் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோதும் கட்டிவிட்டார். அவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஓடாத வண்டியில் ஆயில் சீல்கள் காய்ந்துவிடும், பிரேக் சிலிண்டர் இறுகும், பேட்டரி சாகும்.

என் தண்டுக்கு வழி பிறந்தது. சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த ஒரு ஹெரால்டிலிருந்து எடுத்து வைத்த தண்டு ஒன்று மேஸ்திரியிடம் இருந்தது. அதை உடனே தந்துவிடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, மரையை நகத்தால் கீறிக்கொண்டே சுற்றினார். வெயிலில் தூக்கிப் பிடித்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். திருப்தி வந்த பிறகுதான் புதுப் பித்தளைக் கட்டைக்குள் எண்ணெய் விட்டு, கையாலேயே திருகினார். கடைசிவரை போய் நின்றதும் ஒரு சுற்றுத் திருப்பி விட்டார். சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்ப அந்த இடம் வேண்டும்.

மறுநாள் காலை நீல வண்டியைச் சேனலிலிருந்து இறக்கினார்கள். சோக்கை இழுத்து செல்ஃப் அடித்தார் மேஸ்திரி. இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனை வரை போனோம். அதற்கு மேல் வழி இல்லை. தெருவின் நீளத்துக்குப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள், மஞ்சள் பட்டு. நாலைந்து பேர் இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பால்காரர் வண்டி. ரிவர்ஸ் போடக் கியரில் கை வைத்தேன்.

"வேணாம் சார். முழுசா ஒடிங்க" என்றார்.

ஒடித்தேன். ஹெரால்டு இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பும் என்று படித்திருக்கிறேன். முன்சக்கரங்கள் நான் எதிர்பார்த்ததைவிட இன்னும் கொஞ்சம் மடங்கின. ஒரு திண்ணையின் ஓரம் கண்ணாடிக்கு வெளியே மெல்ல நகர்ந்து போனது. மஞ்சள் பாவு ஜன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் வந்து விலகியது. பாவுக்காரர்களில் ஒருவர் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் இழையில் குனிந்தார். ஒரே திருப்பில் வண்டி கொட்டகையைப் பார்த்து நின்றது. மேஸ்திரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முன்சக்கரத்தின் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.