கடல் மயக்கம்

குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிச் சென்றால், அது கிரேக்க மொழியின் ‘நவுஸ்’ என்ற சொல்லில் போய் நிற்கும். ‘நவுஸ்’ என்றால் கப்பல். மனிதன் கலமேறிய நாளிலேயே இந்நோயும் அவனோடு ஏறிக்கொண்டது போலும். கடலோடிகள் குடியரைப் போலத் தள்ளாடுவதைத் திருப்பாடல் 107 கூறுகிறது. பன்னிரண்டு வயதில் ஆங்கிலேயக் கடற்படையில் சேர்ந்த நெல்சன், தாம் உயிர்நீத்த ஆண்டுக்கு முந்திய 1804-இலும், காற்று வலுத்து வீசும் போதெல்லாம் தமக்கு உடல்நலம் குன்றுவதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1831 முதல் 1836 வரை ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிய சார்லஸ் டார்வின், உலர்ந்த திராட்சையும் ரொட்டித் துண்டும் உண்டு, படுத்துக் கிடந்தே பல நாள்களைக் கழித்தார்.

இதன் காரணம் வயிற்றில் இல்லை, காதில் இருக்கிறது. நம் உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்களும், நுண்ணிய சுண்ணக் கற்கள் பதிந்த இரு பைகளும் உள்ளன. தலை எப்பக்கம் திரும்புகிறது, உடல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை மூளைக்கு உரைப்பவை இவையே. கப்பலின் சிற்றறையில் அமர்ந்திருப்பவனின் கண்ணுக்குச் சுவரும் கட்டிலும் அசையாமல் நிற்கின்றன. காதோ, நாம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்கிறது. இருவர் சாட்சியும் முரண்படும்போது தீர்ப்புக் கூற முடியாமல் மூளை தவிக்கிறது. அத்தவிப்பே வாந்தியாக வெளிப்படுகிறது. உட்செவி பழுதுற்ற காது கேளாதோர் பலருக்குக் கடல் மயக்கம் வருவதில்லை என்பதை அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இலேயே எடுத்துக்காட்டினார். விரைந்த குலுக்கலைவிட, ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் அசைவே மனிதனை மிகவும் வாட்டுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் கூறுகின்றன. சீற்றமில்லாக் கடலின் நீண்ட அலைகள் சிலரைப் படுக்கையில் தள்ளுவது இதனால்தான்.

நான் குமரிக் கடற்கரையில் மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவன். பத்து வயதில் ஒருநாள் விடியற்காலை அப்பா என்னைக் கட்டுமரத்தில் அழைத்துச் சென்றார். கரை மறையுமுன்பே நான் குடலே வெளிவருவது போல வாந்தியெடுத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை; மரத்தைத் திருப்பிக் கரையில் என்னை இறக்கிவிட்டு மீண்டும் தொழிலுக்குப் போனார். அதன்பின் அவர் என்னை அழைத்ததே இல்லை. ‘கடல் ஏலாத பயல்’ என்று ஊரார் சிரித்தார்கள். குருமடத்தில் சேர்ந்த பின்னும் அச்சொல் உள்ளே கிடந்தது. இறையழைத்தலைக் குறித்துத் தியானிக்கும் போதெல்லாம், ‘இவன் அழைக்கப்பட்டானா, அல்லது கடலால் துப்பப்பட்டானா?’ என்றொரு கேள்வி எழும்.

2003-இல் அப்பா நோயுற்றுக் கிடந்தபோது ஓரிரவு அவர் அருகில் இருந்தேன். பேச்சு எப்படியோ அந்தப் பழைய நாளுக்குத் திரும்பியது. “மக்களே, ஆனி ஆடியில கடலுக்குப் போகாமக் கிடந்துட்டு, பொறவு போற மொத நாளு எனக்கும் வாந்திதான். ஆரும் வெளியில சொல்ல மாட்டாங்க. ரெண்டு மூணு நாளு போனா சரியாயிரும். உனக்கும் சரியாயிருக்கும். நீ படிக்கணும்னுதான் நான் கூட்டிட்டுப் போகல்ல” என்றார். கடல் என்னைத் தள்ளவில்லை. அப்பா என்னை அதனிடமிருந்து வாங்கி வேறு கையில் ஒப்படைத்திருக்கிறார். சில வாரங்களில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

என் குருத்துவ வெள்ளி விழா ஆண்டான 2019-இல், உடன்பிறந்தோர் என்னை இலட்சத்தீவுச் சுற்றுலாக் கப்பலில் அனுப்பி வைத்தார்கள். கொச்சியிலிருந்து ஐந்து நாள் பயணம்; கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்னும் மூன்று தீவுகள். இரவில் கப்பல் ஓடும். விடிந்ததும், பவளத் திட்டுகளுக்கு அப்பால் ஆழ்கடலில் நிற்கும். சிறு படகுகளில் இறங்கிப் பச்சை நீர்ப் பரப்பைக் கடந்து தீவுக்குச் செல்லவேண்டும். முதல் இரண்டு இரவுகள் தாங்கிக்கொண்டேன். கல்பேனியிலிருந்து மினிக்காய்க்குச் செல்லும் வழியில், ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் அகன்ற திறந்த கடல் குறுக்கிடுகிறது. அங்கே நள்ளிரவில் என் உடல் தோற்றது.

அறையில் இருக்க மாட்டாமல் மேல்தளத்திற்கு வந்து கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றேன். ஊர் திரும்பிக்கொண்டிருந்த மினிக்காய்ப் பெரியவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார். அத்தீவின் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக வணிகக் கப்பல்களில் பணியாற்றுபவர்கள். அவரும் அப்படி உலகைச் சுற்றி ஓய்வுபெற்றவர். ஒன்றும் கேட்காமல் என் தோளைப் பிடித்துக் கப்பலின் நடுப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். முனையைவிட நடுவில் ஆட்டம் குறைவு என்றார் மலையாளத்தில். பையிலிருந்து காய்ந்த ரொட்டியும் இஞ்சித் துண்டும் எடுத்துத் தந்தார். நான் வாந்தியெடுத்தபோது நெற்றியைத் தாங்கிக்கொண்டார். கிழக்கு வெளுத்ததும், “தொடுவானத்தையே பாருங்கள், அது ஒன்றுதான் இங்கே அசையாதது” என்றார். தொழுகைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போகும்வரை அவர் என் பெயரையும் கேட்கவில்லை, தொழிலையும் கேட்கவில்லை. நோயாளிகளின் நெற்றியில் எண்ணெய் பூசிப் பழகிய எனக்கு, என் நெற்றியைப் பிறர் கையில் கொடுத்திருந்த அந்த இரவு புதிதாக இருந்தது.

அவர் சொன்னவற்றை மருத்துவ நூல்களும் சொல்கின்றன. அசையாத தொலைவுப் பொருளைக் காணும்போது கண்ணும் காதும் ஒத்த சாட்சி கூறுகின்றன. இஞ்சியைப் பற்றி 1980-களில் டென்மார்க்குக் கடற்படைப் பயிற்சி வீரரிடையே நடந்த சோதனையில் வாந்தி குறைந்தது தெரியவந்தது. மாத்திரை வந்த கதையோ வேறு. பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்கு மருந்துண்ட பெண்ணொருத்தி, டிராம் வண்டியில் வழக்கமாக வரும் குமட்டல் தமக்கு வரவில்லை என்றார். மருத்துவர்கள் அம்மருந்தை 1948 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற படைக்கப்பலில் சோதித்து வெற்றி கண்டனர். இத்தகைய மாத்திரைகள் உறக்கம் தருபவை. மருத்துவரைக் கேட்டு, மயக்கம் தொடங்குமுன் உண்டால்தான் பயன் தரும். வெறும் வயிறும் ஆகாது. நிறைந்த வயிறும் ஆகாது. கப்பலில் புத்தகம் படிப்பதையும் தவிர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் உடல் தானே பழகிக்கொள்ளும்; அதன்பின் கரையில் கால் வைத்தால் தரை ஆடும். மினிக்காயில் 1885-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றபோது அந்தக் கோபுரமே எனக்கு அசைந்தது.

திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தைக் குருமடத்தில் பலமுறை படித்திருக்கிறேன். புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர் பதினான்கு நாள் உணவின்றி இருக்கிறார்கள். உண்ணாமையைக் குறிக்க லூக்கா வழங்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்றும் பொருள் உண்டு. அச்சத்தாலும் கடல் மயக்கத்தாலும் அவர்கள் உண்ண இயலாதிருந்தனர் என்று உரைகாண்போர் உளர். கைதியாகச் சென்ற பவுல் அவர்களுக்கு அங்கே நீண்ட மறையுரை எதுவும் ஆற்றவில்லை. உண்ணுங்கள் என்று வேண்டி, அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி செலுத்தி, பிட்டு, தாமே முதலில் உண்டார். அதைக் கண்டு மற்றவர்களும் உண்டார்கள்.

அப்பகுதியை விளக்கும்போது முன்பெல்லாம் நான் பவுலின் பக்கத்தில் நின்றே பேசியிருக்கிறேன். இப்போது அந்த 276 பேரில் ஒருவனாகவும் நின்று அதைப் படிக்கிறேன். அன்பு வாசகரே, நம் இல்லங்களிலும் பங்குகளிலும் கரை தெரியாமல் தலை சுழன்று கிடப்போர் எத்தனை பேர்! அவர்களிடம் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிராமல், ஆட்டம் குறைந்த ஓரிடத்தில் அமரவைத்து, ஒரு துண்டு ரொட்டியைக் கையில் கொடுத்து, விடியும்வரை உடனிருந்தால் போதும். தொடுவானத்தை அவர்கள் தாங்களே கண்டுகொள்வார்கள்.