நீயும் உட்காரும்மா!

ஜவுளிக்கடையில் கஸ்டமருக்கு மரியாதை இல்லை என்று அலுத்துக்கொள்வோர் நம்மில் பலர். நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள். போன தீபாவளிக்கு இருபது நாள், புடவை செக்‌ஷனில்.

முப்பது புடவையைப் பிரித்துப் போட்ட பிறகு, "அப்புறம் வர்றோம்மா" என்று எழுந்து போவார்கள். சிரித்துக்கொண்டே மடிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை நின்றதில் கால்தான் வீங்கிப்போகும். பக்கத்தில் நின்ற அக்காவுக்கு இதுவே பத்து வருஷப் பிழைப்பு.

கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. எங்கள் கடையிலும் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்துவிடுவார்: "கஸ்டமர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

ஒருநாள் புடவை எடுக்க வந்த பாட்டி, "நீயும் உட்காரும்மா, உட்கார்ந்தே காட்டு" என்றார். சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை!

சட்டம் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டது. அதில் உட்கார வைத்தது கஸ்டமரின் ஒரு வார்த்தை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அந்த வார்த்தையை நீங்களும் சொல்லுங்களேன்!