சிற்றடி

விழா மலர்களுக்கு எழுதப் புகும் பழைய மாணவர், தாம் கற்ற காலத்து ஆசிரியரையும் விடுதிச் சோற்றையும் காற்பந்துப் போட்டிகளையும் நினைந்து எழுதுதல் வழக்கம். அவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். ஆதலின் நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது கோல்ப் ஆட்டத்திலே 'சிப்' என வழங்கும் மிகச் சிறிய அடியாகும். இலக்கியத்திலே சிற்றடி என்பது மகளிரதும் குழவியரதும் பாதத்தைக் குறிக்கும். புலவர் பொறுப்பாராயின் அச்சொல்லையே இவ்வடிக்கும் பெயராகக் கொள்வோம்.

கோல்ப் எம்மவர் இளமையிற் பழகும் ஆட்டமன்று. ஆங்கிலேயராட்சியிலே, கொழும்பில் 1879ஆம் ஆண்டும் நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டும் அதற்கெனக் கழகங்கள் தோன்றின. கொழும்புத் திடலைக் களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டிப் பாதை ஊடறுத்துச் செல்கின்றது. வண்டி கடக்கும்வரை கோலை ஊன்றிக்கொண்டு காத்து நிற்றலும் அங்கு ஆட்டத்தின் ஒரு பகுதியே. நுவரெலியாத் திடலோ ஏறத்தாழ 6,100 அடி உயரத்திலுள்ளது. காற்று மெலிந்த அவ்விடத்திலே நெடிய அடிகள் சற்றுக் கூடுதலான தூரஞ் செல்லும். சிற்றடிக்கு அச்சலுகையும் இல்லை.

ஆட்டத்தை அறியாதார்க்கு ஒன்று சொல்லுதல் வேண்டும். பந்தை நெடுந்தூரம் அடித்து, குழியைச் சூழ்ந்து ஒட்ட நறுக்கப்பட்ட பசுந்தரையை அடைந்து, அங்கே அதனை உருட்டிக் குழியில் வீழ்த்துவதே ஆட்டம். குழியின் அகலம் 4¼ அங்குலம். பசுந்தரைக்குச் சில முழம் வெளியே பந்து நின்றுவிட்டால், அதைத் தாழ எழுப்பித் தரையில் இட்டு, குழியை நோக்கி ஓடவிடுதலே சிற்றடி. தொழில்முறை ஆட்டக்காரருங்கூடப் பதினெட்டுக் குழிகளில் ஏறத்தாழப் பன்னிரண்டிலேதான் பசுந்தரையை உரிய அடிகளுக்குள் அடைகின்றனர். எம்போன்றார் பெரும்பாலானவற்றில் அடையார். அங்ஙனமாயின், ஒரு நாளாட்டத்திலே பத்துப் பன்னிரண்டு முறை எமது கதி இச்சிற்றடியின் கையிலேயே உள்ளது. எனினும் பயிற்சித் திடலிலே கூடை கூடையாகப் பந்துகளை வானிலே பறக்கவிடுவோரே மிகுதி. மூலையில் நின்று பத்தடி தூரத்துக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பாரைக் காண்டல் அரிது. நெடிய அடியைப் பார்க்கப் பலர் கூடுவர். சிற்றடிக்குச் சாட்சி தரைப்புல் மாத்திரமே.

எமக்கு அகவை எழுபதைக் கடந்தபின் தோள் வலி குறைந்தது. முன்னே இரண்டு அடிகளில் எட்டிய பசுந்தரை மூன்று அடிகளுக்கும் எட்டாதாயிற்று. உடன் ஆடிய நண்பர் சிலர் அந்நிலையிலே கோல்களை மருமக்களுக்குக் கொடுத்துவிட்டுச் சாய்மனைக் கதிரையை நாடினர். நாம் ஆட்டத்தை விடவிரும்பவில்லை. விடாதிருப்பதற்கு வழி காட்டியவர் ஆங்கிலப் புத்தகம் எழுதிய எவருமல்லர். எமது பையைச் சுமந்த முதியவரொருவர்.

அவர் சிறுவனாய்ச் சுமக்கத் தொடங்கிய கழகத்திலே, பை சுமப்போர் பசுந்தரையில் ஆடுதற்கு அக்காலத்தில் அனுமதியில்லை. எவரோ கழித்துவிட்ட துருப்பிடித்த இரும்புக்கோல் ஒன்றே அவருக்கும் தோழர்க்கும் பொது. கொட்டகைக்குப் பின்னால் சிரட்டையளவு குழி தோண்டி, அந்த ஒரு கோலாலேயே அவர்கள் நாள் முழுதும் ஆடினார்களாம். ஓங்கியடிக்க இடமில்லை, அடித்துத் தொலைக்கப் பந்துமில்லை. சிற்றடி அவர்களுக்கு இன்மை கற்பித்த வித்தை. அதை வாயிலின் வெளியே நின்று கற்றவரிடம் உள்ளே நின்ற நாம் கற்கலானோம் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு மனம் அமைதியுறுவதில்லை.

அவர் முதலிலே கோலைத் தொடவிடவில்லை. "ஐயா, கையால பந்தை எறிஞ்சு பாருங்க" என்றார். கையைத் தாழ்த்திப் பந்தைக் குழியை நோக்கி எறிந்தோம். பந்து எங்கே விழுந்தது என்று வினவினார். எங்கே நின்றது என்பதை மாத்திரமே நாம் பார்த்திருந்தோம். அவர் கருத்து அதுவே. யாழ்ப்பாணத்து முற்றங்களிலே போளையடித்த எவரும் இதனை அறிவர்: போளையை எறிபவன் குழியைப் பார்த்து எறிவதில்லை; அது விழுந்து உருளத் தொடங்கும் இடத்தைப் பார்த்தே எறிகிறான். பசுந்தரையின் ஓரத்திலிருந்து ஒரு கவடு உள்ளே கைக்குட்டையொன்றை விரித்து, அதன்மேற் பந்தை இடுதலையே இரு வாரம் பழகினோம். குழியைப் பற்றிய பேச்சே இல்லை.

கோல் பிடிக்கும் முறை எளிது. பாதங்கள் நெருங்கியிருத்தல் வேண்டும். உடலின் பாரம் குழியை நோக்கிய காலிலே தங்கவேண்டும். பந்து பின்காலை அடுத்தும், கைகள் பந்துக்குச் சற்று முன்னேயும் இருத்தல் வேண்டும். மணிக்கட்டு மடங்காது தோள்கள் அசைய, கோல் புல்லை வருடிச் செல்லும். பந்தைத் தூக்கிவிட முயலுதலே பெரும்பாலாரைக் கெடுப்பது. தூக்குதல் கோலினது சாய்வின் தொழில். மனிதன் அதிலே தலையிட்டால் கோலின் ஓரம் பந்தின் வயிற்றிலே பட்டு, அது பசுந்தரையையுங் கடந்து ஓடிவிடும்.

எக்கோலை எடுப்பது என்பதற்கு ஆட்டக்காரரிடையே ஒரு கணக்கு வழங்குகின்றது. பன்னிரண்டிலிருந்து கோலின் இலக்கத்தைக் கழித்தால் வருவது, பறக்கும் தூரத்தைப்போல் எத்தனை மடங்கு பந்து உருளும் என்பதாம். எட்டாம் இலக்கக் கோலாயின் ஒரு பங்கு பறந்து நான்கு பங்கு உருளும். குழி பதினைந்து கவடு தொலைவாயின் மூன்று கவட்டில் விழவேண்டும். இது மட்டமான தரைக்கே பொருந்தும். இக்காலக் கோல்களின் சாய்வு பழையனவற்றினுங் குறைவாதலின், ஒவ்வொருவரும் தம் கோலைத் தாமே அளந்தறிதல் நன்று. காலைப் பனியிலே ஓட்டங் குறையும், வெயிலேறக் கூடும். புல் சாய்ந்து வளரும் திசையிலே பந்து விரையும், எதிரே தயங்கும்.

உடல்வலி குறைந்தார்க்கு ஆறுதலாக ஒரு வரலாறு உண்டு. 1938ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்துப் போட்டியின் இறுதியிலே போல் றன்யன் என்பாரும் சாம் ஸ்னீட் என்பாரும் எதிர்ந்தனர். ஸ்னீட் இளைஞர், நெடிதடிப்பதிலே பெயர் பெற்றவர். றன்யன் சிற்றுருவினர், பந்தை எதிரியளவு தூரம் அடிக்க அவரால் ஒருபோதும் இயலாது. முப்பத்தாறு குழிகளுக்கு வகுத்த அவ்வாட்டத்தை, ஏழு குழிகள் மிஞ்சியிருக்கவே எட்டுக் குழி முன்னணியில் அவர் முடித்துவிட்டார். குழியருகே அவருடைய கோல் பிழைத்ததில்லை எனும்படியாக ஆடுபவரைச் 'சின்ன நஞ்சு' என்று அழைத்தனர்.

இன்று எமது பயிற்சி ஒரு பந்தோடுதான். இருபது பந்தை ஓரிடத்திற் குவித்து அடித்தால் இருபதாவது நன்றாகவே போகும். ஆட்டத்திலே இருபதாவது முறை எவரும் தருவதில்லை. ஆதலின் ஒரு பந்தை எறிந்து, அது நின்ற இடத்திலிருந்து ஒரு முறை அடித்து, உருட்டிக் குழியில் இட்டு எண்ணுகிறோம். இவ்வாறு பதினெட்டிடம். இரண்டடியில் முடிந்தவை ஆறாயிருந்தன, இப்பொழுது பத்து. முதியவர் பத்தென்ற கணக்கைக் கேட்டு, தலையை அசைத்து, "மேட்டுப் பக்கம் இன்னும் சரியில்லைங்க" என்றார். உண்மைதான்.

எட்டாம் இலக்கக் கோல் இரண்டையும் பன்னிரண்டு பந்துகளையும் கல்லூரி விளையாட்டறைக்கு அனுப்பி வைத்துள்ளோம். மைதானத்தின் ஓரத்திலே சிரட்டையளவு குழி தோண்ட அதிபர் இசைவாராக. வகுப்பறைச் சாளரங்களைப் பற்றி அஞ்சவேண்டுவதில்லை. முறையாக அடித்தால் பந்து இடுப்புக்கு மேல் எழுவது அரிது.