ஒரு தலைப்பைத் தேடி

பெயரிடுதல் எளிய காரியம் என்று கருதுவோர் பலர். பொருள் முந்தியது, பெயர் பிந்தியது. பிந்தியதைப் பற்றி இத்தனை வாதம் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். சென்ற தவணையில் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்கள் தாம் தயாரித்த கண்காட்சிக்குத் தலைப்புத் தேடியதைப் பார்த்திருந்தால், அவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

மாணவர் எடுத்துக்கொண்ட விடயம் புதுமையானது. அரசுகளின் கடற்படைகளுக்கு வெளியே, சாதாரண மனிதர் தம் கையாலும் தம் முயற்சியாலும் கட்டிய நீர்மூழ்கிகளின் வரலாறு அது. பதினைந்து வயதிலேயே தன் நீர்மூழ்கியைக் கட்டத் தொடங்கிய அமெரிக்கர் கார்ல் ஸ்டான்லியின் கதையே அவர்களுக்கு ஆர்வமூட்டிற்று. ஆனால் இவ்விடயத்துக்குத் திருகோணமலையில் தலைப்பிடுவது பிற ஊர்களில் தலைப்பிடுவது போன்றதன்று.

எங்கள் துறைமுகத்தின் ஆழமே எங்கள் ஊரின் தலைவிதியை எழுதிற்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகள் இங்கிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணைவரை சென்றன. 1944 பெப்ரவரியில் புறப்பட்ட ஸ்டோன்ஹெஞ்ச் என்ற கலம் திரும்பவேயில்லை. 1957இல் பிரிட்டிஷார் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். பின்னர் எங்கள் சொந்த நாட்டின் போர் வந்தது. கடலுக்குப் போகும் மீனவன் அனுமதிச்சீட்டுடன் போனான். நீருக்கடியில் நடப்பது யாவும் எங்கள் மக்களுக்கு அச்சமாகவே ஆயிற்று.

ஆகவே, "வீட்டில் செய்த நீர்மூழ்கிகள்" என்று மாணவர் முதலில் எழுதி வந்தபோது, மூத்த ஆசிரியர் ஒருவர் முகம் வெளுத்தார். 2009இல் முல்லைத்தீவுப் பகுதியில் விடுதலைப் புலிகள் கட்டியவை எனக் கைப்பற்றப்பட்ட நீர்மூழ்கிகள் உலகுக்குக் காட்டப்பட்டதை அவர் மறக்கவில்லை. "பிள்ளையளின்ரை பேர் ஒரு பட்டியலிலை ஏறக்கூடாது, மாஸ்டர்" என்றார். அவருடைய அச்சத்தை நான் இகழேன். அது அனுபவத்தில் விளைந்தது. ஆயினும், "படிக்கிறதுக்கும் பயப்பட வேணுமோ, சேர்?" என்று ஒரு மாணவன் கேட்ட கேள்வியையும் நான் ஒதுக்கிவிட இயலவில்லை.

அடுத்து வந்தது "தனியார் நீர்மூழ்கிகள்". இதை மாணவரே மறுத்தனர். 2023 ஜூனில், டைட்டானிக்கின் சிதைவைக் காண இரண்டரை இலட்சம் டொலர் கட்டணம் வாங்கிச் சென்ற டைட்டன் என்ற கலம் நொறுங்கி ஐவர் மாண்டனர். அவர்களைத் தேட விமானங்களும் கப்பல்களும் விரைந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் கிரேக்கக் கரைக்கப்பால் அகதிகள் படகொன்று நூற்றுக்கணக்கானோருடன் மூழ்கிற்று. அந்த உயிர்களுக்கு உலகம் காட்டிய பரபரப்பு எவ்வளவு? 'தனியார்' என்ற சொல்லில் செல்வரின் விளையாட்டு வாடை வீசுகிறது என்றான் ஒருவன்.

அப்பொழுதுதான் நான் நார்சிஸ் மொந்துரியோலைப் பற்றிச் சொன்னேன். 1819இல் கற்றலோனியாவில் பிறந்த இவர் பொதுவுடைமைக் கனவு கண்டவர். அதற்காகப் பத்திரிகை நடத்தியவர். கடாகெஸ் என்ற கடற்கரை ஊரில் பவளம் எடுப்போர் படும் துயரைக் கண்டு, அவர்களுக்காகவே நீரடிக் கலம் ஒன்றைக் கட்டத் துணிந்தார். 1859இல் பார்சிலோனாத் துறைமுகத்தில் அது மூழ்கி எழுந்தது. கிரேக்கத்தில் மீனையும் கலத்தையும் குறிக்கும் சொற்களை இணைத்து இக்தினேயோ என்று பெயரிட்டார். பொதுமக்களிடம் திரட்டிய நிதியால் 1864இல் இரண்டாவது கலமும் நீரிலிறங்கியது. கடன் முற்றி, 1868இல் அது பழைய உலோகமாக விற்கப்பட்டது. தொழிலாளிக்காகக் கட்டிய கலம் கடன்காரன் கையில் அழிந்தது; அதன்பின் நீர்மூழ்கியை வளர்த்தெடுத்தவை கடற்படைகளே.

"மீன்கப்பல்" என்று வைப்போம் என்றனர் பலர். அழகான பெயர்தான். ஆனால் பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்தாள். "மீனுக்குக் கப்பல் என்னத்துக்கு, சேர்? கீழை போற மனுசனுக்கெல்லோ வேணும்" என்றாள்.

அவளுடைய தந்தை கடலட்டை பிடித்த சுழியோடி. காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி ஒரு நாளில் பலமுறை இறங்கி ஏறியவர். நீரில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைதரசன் உடலில் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் குமிழிகளாகி நரம்பைத் தாக்குகிறது. இன்று அவர் ஊன்றுகோலுடன் நடக்கிறார். நீர்மூழ்கியிலோ அழுத்தத்தை ஓடு தாங்குகிறது. உள்ளிருப்பவன் கரையிலுள்ள காற்றையே சுவாசிக்கிறான். கடலின் பாரத்தை இரும்பு சுமப்பதா, ஏழையின் உடல் சுமப்பதா என்பதே கேள்வி. மன்னார்க் கடலில் முத்துக்குளித்த தலைமுறைகளும் இக்கேள்வியைச் சுமந்தே மூழ்கின. ஜூல் வேர்ணின் நாவலில் கப்டன் நெமோ அக்கடலில் ஒரு சுழியோடியைச் சுறாவிடமிருந்து காக்கிறான். ஒரு பை முத்தும் கொடுக்கிறான். கதையில் கருணை போதும், வாழ்க்கையில் போதாது.

"சுழியோடிக்கு ஒரு தோணி" என்ற தலைப்பு அன்றே முடிவாயிற்று. மூத்த ஆசிரியரும் இசைந்தார். ஆயினும் அஞ்சிய சொல்லை ஒளித்துவிட்டோம் என்று யாரும் எண்ணலாகாது என்பதற்காக, அதன் கீழே "மக்கள் கட்டிய நீர்மூழ்கிகளின் வரலாறு" என்று அதே அளவு எழுத்தில் எழுதுவித்தேன்.

கண்காட்சிக்கு அந்தத் தந்தையும் வந்திருந்தார். இக்தினேயோவின் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"உதுக்குள்ளை எவ்வளவு நேரத்துக்குக் காத்து இருக்கும், தங்கச்சி?" என்று அங்கு நின்ற மாணவியிடம் கேட்டார். இரண்டாவது கலத்தில் எந்திரத்தை இயக்கிய இரசாயன வினையே ஒட்சிசனையும் தந்ததை அவள் விளக்கத் தொடங்கினாள். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்கலானார்.