அடைமழையில் திரெங்கானு கரையோரம்

நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரைப் பக்கம் போகக்கூடாது என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. வடகிழக்குப் பருவமழை அடிக்கும் மாதங்கள் அவை. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் தங்குவிடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறக்கும். ஆனால் எங்களுக்குப் பள்ளி விடுமுறையில் விடுப்பு கிடைத்தது ஜனவரியில்தான். வாடகைக்குக் கேம்பர்வேனும் அப்போதுதான் கிடைத்தது.

நான், கணவர், ஏழு வயது மகள், அம்மா. குவாந்தானில் ஓர் இரவு தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை கூட்டரசு சாலை 3-இல் வடக்கே புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரம் போகலாம். கடல் கண்ணில் படாது.

இந்த மாதங்களில் கிளம்பும் முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலை. இன்னொன்று, ஆற்று நீர்மட்டம் காட்டும் இன்ஃபோ பஞ்சிர் தளம். மஞ்சளைத் தாண்டினால் வண்டியைத் திருப்புவது என்று பேசி வைத்திருந்தோம். அன்று எச்சரிக்கை இல்லை. மழை மட்டும் இருந்தது, நிறைய.

கேம்பர்வேன் உயரமான வண்டி. பாலத்தில் ஏறியதும் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும். அவர் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே இல்லை. பின்னால் வந்த லோரிகளுக்கு எங்கள்மேல் பிரியம் இருந்திருக்காது.

கெமாமான் காப்பிக்குப் பேர்போன ஊர். திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் கடைகளில் இடமே இல்லை. அம்மாவோ வெள்ளிக்கிழமை சைவம். இந்தியர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத மாநிலத்தில் சைவச் சாப்பாடு தேடி அலைவதைவிட, சமையலறையையே கூட்டிக்கொண்டு போவது எவ்வளவு வசதி! கடலைப் பார்த்த மேட்டு நிலத்தில் நிறுத்தினோம். தென்னை, சவுக்கு மரங்களின் கீழ் நிறுத்தாதீர்கள். காற்றில் மட்டையும் கிளையும் விழும். சாரல் உள்ளே தெறித்தாலும் ஜன்னலை ஒரு விரல் அளவாவது திறந்து வைத்தே கேஸ் அடுப்பைப் பற்ற வையுங்கள். மூடிய வண்டிக்குள் அடுப்பெரிப்பது உயிருக்கே ஆபத்து.

ரசம், சுட்ட அப்பளம், சூடான சோறு. கூரைமேல் மழை. வானொலியில் நாங்கள் 'மழை' என்று ஒலிக்கவிடுவது தலை சீவி, பவுடர் பூசிய மழை. இது தகரத்தில் கொட்டுகிற மழை. பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும்.

கெர்த்தேயில் எண்ணெய் ஆலையின் தீச்சுடர் மழைக்குள்ளும் எரிந்துகொண்டிருந்தது. டுங்குன் தாண்டி ரந்தாவ் அபாங் வந்தபோது மணி மூன்று. "இங்க நிறுத்துங்க தம்பி," என்றார் அம்மா.

1984-இல், கல்யாணமான புதிதில், அப்பாவோடு பஸ்ஸில் அம்மா இங்கே வந்திருக்கிறார். அப்போது நாடெங்குமிருந்து மக்கள் இங்கே வந்தது ஆமை பார்க்க. முதுகில் நட்சத்திரப் பழம்போல வரி ஓடுவதால் மலாயில் 'பெனியு பெலிம்பிங்' என்று பெயர். உலகின் மிகப் பெரிய கடலாமை அதுதான். 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முட்டைக்குழிகள் இந்தக் கரையில் இருந்தன. 2000களுக்குப் பிறகு ஒன்றிரண்டு, சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. முட்டைகளைத் தோண்டி விற்றார்கள். ஆழ்கடல் வலைகளில் ஆமைகள் சிக்கி மாண்டன. காப்பாற்ற எடுத்த முயற்சியிலும் கோளாறு. மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பொரிப்பகத்துச் சூட்டில் பிறந்தவை பெரும்பாலும் பெண்கள் என்று ஆய்வாளர்கள் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

மழை விடவில்லை. கரையில் ஒரு மனிதர் இல்லை. வெயில் அடித்திருந்தால் படம் பிடித்துவிட்டு அரை மணியில் கிளம்பியிருப்போம். வண்டிக்குள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அம்மா பேசிக்கொண்டே இருந்தார்.

"ராத்திரி பூரா காத்திருப்போம். ஆமை ஏறி வந்ததும் கூட்டமா ஓடுவாங்க. சிலபேர் முதுகுல ஏறி உக்காந்து போட்டோ எடுத்தாங்க. அது கண்ணுல தண்ணி வழியும்."

அது அழுகை அல்ல, உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது என்று சொன்னேன். அம்மா தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

"பாட்டி, நீங்களும் ஏறுனீங்களா?" என்றாள் மகள்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "உங்க தாத்தா ஏறச் சொன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். ஆனா டார்ச்லைட்டு அடிச்சது நான்தான்டா."

வெளிச்சம் பட்டால் முட்டையிட வந்த ஆமை திரும்பிப் போய்விடக்கூடும் என்று அவள் எங்கோ படித்திருக்கிறாள். அதை அவள் பாட்டியிடம் சொல்லவில்லை.

மாராங் போய்ச் சேர இருட்டிவிட்டது. ஈரத் துணிகள் வண்டி முழுக்கத் தொங்கின. சாலையோரக் கடையில் கெரோப்போக் லெக்கோர் கொதிக்கக் கொதிக்க வாங்கினோம். அம்மாவுக்கு மட்டும் வாழைப்பழ பலகாரம். மகள் என் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தாள். பச்சை ஆமைகள் இன்னும் திரெங்கானு, பகாங் கரைகளில் முட்டையிடுகின்றன. ஆண்டின் நடுமாதங்கள் அதற்குக் காலம். செராத்திங்கில் ஓர் ஆமைச் சரணாலயமும் உண்டு. மே மாத விடுமுறைக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவும் வருகிறாராம், டார்ச்லைட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு.