சாவிக்கொத்து

ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் நமக்கு ஒரு தைரியம் வரும், இல்லையா? 'சிஸ்டருக்குத் தெரியாததா!' என்போம். நர்ஸாகவே இருந்து ரிடையர் ஆனவள் நான். என் கதையைக் கேளுங்கள்.

1986-ம் வருஷம். நர்ஸிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டில் டியூட்டி. காய்ச்சல் என்று சேர்ந்திருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கட்டிலில் சாய்ந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

எனக்கு வெலவெலத்துப் போச்சு! படித்த பாடம் எதுவும் ஞாபகம் வரவில்லை. எங்கள் ஊரில் பார்த்ததுதான் வந்தது. மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன். நாக்கைக் கடித்துக்கொள்வாளே என்று கிட்டித்த பல்லுக்கு நடுவில் ஸ்பூனை விட்டு நெம்பினேன். 'டக்'கென்று சத்தம். முன்பல் உடைந்து ரத்தம் கொட்டியது.

இரண்டு நிமிஷத்தில் இழுப்பு நின்றது. அவளுடைய அம்மா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "சிஸ்டர் இரும்பு குடுத்தாங்க, உடனே நின்னு போச்சு" என்று வார்டு முழுக்கச் சொன்னாள்.

வார்டு சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏம்மா, அது தானா நின்னிருக்கும். பல்லு முளைக்குமா?" என்றார்.

உண்மைதான். மூளையில் மின் ஓட்டம் சட்டென்று தாறுமாறாவதுதான் வலிப்பு. பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிடும். நாம் இரும்பைத் தேடி எடுப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிடுகிறது. பேர் மட்டும் இரும்புக்கு!

அன்றைக்கு ஆயா அந்தப் பெண்ணின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். வலிப்பு தொத்து வியாதி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எங்க மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க" என்று அழுதாள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. திரும்பத் திரும்ப வலிப்பு வருகிறவரின் திருமணத்தை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போக இந்துத் திருமணச் சட்டத்தில் அப்போது வழி இருந்தது. 1999-ல்தான் 'வலிப்பு' என்ற சொல்லை அதிலிருந்து எடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிப் போகும்போது வாயை முந்தானையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என்னை விடவில்லை.

நர்ஸ் பயந்தால் வார்டே பயப்படும். அவள் செய்கிற தப்பு பத்து வீட்டுக்கு வைத்தியமாகிவிடும். இதைப் புரிந்துகொண்ட பிறகு, எனக்குக் கீழே வேலைக்கு வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

யாருக்காவது வலிப்பு வந்தால் பக்கத்திலுள்ள கூரான சாமான்களை நகர்த்துங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். நன்றாக நினைவு திரும்பும்வரை தண்ணீர்கூட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலும், நினைவு வருமுன் மறுபடி வந்தாலும், முதல் தடவை வந்தாலும், கர்ப்பிணிக்கு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான்.

ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே சரியாகிவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை வேண்டும் என்கிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம், அந்த டம்ளரைத் தனியாக வைக்காதீர்கள். சாவிக்கொத்து உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். அவள் கையில் கொடுக்க உங்கள் கை இருக்கிறதே, அது போதும்.