மதிலுக்கு இரண்டு பக்கம்
பெரு நாட்டின் தலைநகர் லிமா, பாலைவனத்திலே எழுந்த பெருநகரம். மழை இல்லையென்றே சொல்லலாம். அங்கே பம்புலோனா அல்டா என்ற குன்றில் ஏறினால் ஒரு மதில் தெரியும். இடிக்கத் தொடங்குமுன் அதன் நீளம் ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அந்தப் பக்கம் நீச்சல் தடாகத்தோடு மாளிகைகள். இந்தப் பக்கம் பலகையும் தகரமும் சேர்த்த குடில்கள். இங்குள்ள பெண்கள் பவுசர் தண்ணீரைப் பீப்பாயில் வாங்குகிறார்கள். குழாய்நீர் உள்ள மாளிகைக்காரரைவிட இவர்களே லீற்றருக்குக் கூடிய விலை கொடுக்கிறார்கள். ஏழைக்குத்தான் எதுவும் விலை கூட! 2023 இல் மதிலின் ஒரு பகுதியை இடிக்கத் தொடங்கினார்கள். மதில் இடிந்தால் குழாய் தானாக வந்துவிடுமா?

தெற்கே வில்லா எல் சல்வடோர். 1971 இல் காணியில்லாமல் பம்புலோனாவில் குடியேறிய குடும்பங்களை எழுப்பி, அரசு இந்த மணல்வெளியில் கொண்டுவந்து விட்டது. நாணற்பாயால் குடில் போட்டார்கள். வெறும் மணலிலேயே தெரு, சதுக்கம், தொழிற்பேட்டை என்று இடம் அளந்து ஒதுக்கப்பட்டது. இன்று லிமாவாசிகள் கட்டில், அலுமாரி வாங்க அந்தத் தொழிற்பேட்டைக்குப் போகிறார்கள்.

பெண்கள் சேர்ந்து சமைத்தார்கள். சாமான்களை மொத்தமாக வாங்கி, முறைவைத்துச் சமைத்து, குறைந்த விலைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கோப்பை பால். அவர்களின் சம்மேளனத் தலைவியாக இருந்தவர் மரியா எலெனா மொயானோ. ‘ஒளிரும் பாதை’ ஆயுதக் குழுவின் வன்முறையை வெளிப்படையாகக் கண்டித்தார். 1992 பெப்ரவரி 15 அன்று பிள்ளைகளின் கண்முன்னே அவரைக் கொன்றார்கள். வயது 33.

2020 இல் கொரோனா முடக்கத்தால் வேலை போனபோது, லிமாவின் குன்றுகளில் பெண்கள் மறுபடியும் பொதுப் பானை வைத்தார்கள்.